ஐம்பது வயதில் ஒரு பொம்மை கார்! - ஜப்பானின் ‘திரும்பி வந்த’ அப்பாக்கள்

ஒரு ரப்பர். பென்சில் எழுத்தை ஒழுங்காக அழிக்கக்கூட லாயக்கில்லாத ரப்பர். ஆனால், 1977 வாக்கில் ஜப்பானில் பள்ளிக்கூடம் போன பையன்களின் பென்சில் டப்பாவைத் திறந்தால், அதுதான் முதலில் கண்ணில் படும். கட்டைவிரல் அளவில் ஒரு லம்போர்கினி, ஒரு ஃபெராரி, ஒரு போர்ஷே. மேஜையின் ஓரத்தில் அதை நிறுத்தி, பின்னால் பால்பாயின்ட் பேனாவின் பொத்தானை வைத்துத் தட்டுவார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ‘டக்’கென்று தள்ள, கார் பறக்கும். எதிராளியின் காரைக் கீழே தள்ளிவிட்டால் ஜெயம். இதற்குத் தோதான பேனா ‘பாக்ஸி’தான் என்று அதற்கு ஏகப்பட்ட மவுசு. அந்தப் பேனாவை எழுதுவதற்காக வாங்கிய பையன் எவனாவது இருந்தானா என்பது சந்தேகம்தான்!

அந்தப் பையன்களுக்கு இப்போது ஐம்பத்தெட்டு, அறுபது வயது. தலை நரைத்துவிட்டது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் பலர் இப்போது இரவு பத்து மணிக்கு மேல், சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் கார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

‘கட்டிக்கொண்டிருக்கிறார்கள்’ என்பதுதான் சரியான வார்த்தை. கடையில் வாங்கும் பெட்டிக்குள் கார் இருக்காது. ஏணிச் சட்டம் போன்ற பிளாஸ்டிக் கம்பிகளில் கதவு, சீட், ஸ்டீயரிங், இன்ஜின் என்று துண்டு துண்டாகக் காய்த்துத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வெட்டி எடுத்து, பிசிறைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, பசை போட்டு ஒட்டினால் கடைசியில் கார். நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு என்பதுதான் ஜப்பானில் கார் மாடல்களுக்குப் பரவலான அளவு. நாலு மீட்டர் நீளமுள்ள லம்போர்கினி கௌன்டாச், உள்ளங்கையை நிறைக்கும் 17 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

ஆறு சக்கரக் கார் வந்த வருஷம்!

அந்தத் தலைமுறைக்குக் கார்ப் பித்து பிடித்ததற்கு ஒரு காமிக்ஸ்தான் முக்கியக் காரணம். சடோஷி இகெஸாவா எழுதி வரைந்த ‘சர்க்யூட் நோ ஓகாமி’ - ‘பந்தயத் திடலின் ஓநாய்’ - 1975-ல் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடராக ஆரம்பித்தது. நாயகன் ஓட்டுவது லோட்டஸ் யூரோப்பா. அதுவரை ஜப்பான் பையன்களுக்குக் கார் என்றால் அப்பாவின் டொயோட்டாவும் பக்கத்து வீட்டு நிசானும்தான். காமிக்ஸைப் படித்தவர்கள், வெளிநாட்டுக் கார் விற்கும் ஷோரூம் வாசலில் கேமராவும் கையுமாகக் காத்துக் கிடந்தார்கள். கதவு மேல்நோக்கித் திறக்கும் ஒரு கௌன்டாச்சைக் கண்ணால் பார்த்துவிட்டவன், வகுப்பில் ஒரு வாரத்துக்கு ராஜா.

போதாக்குறைக்கு, 1976 அக்டோபரில் ஃபூஜி மலையடிவாரத்துப் பந்தயத் திடலுக்கு முதன்முறையாக ஃபார்முலா ஒன் வந்தது. நிக்கி லாடாவும் ஜேம்ஸ் ஹன்ட்டும் கொட்டும் மழையில் உலக சாம்பியன் பட்டத்துக்கு மோதிய அதே பந்தயம். ‘இந்த மழையில் ஓட்டுவது ஆபத்து’ என்று லாடா காரை நிறுத்திவிட்டு இறங்கிவிட, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஹன்ட் சாம்பியன் ஆனார். ஆனால், பையன்களின் கண் அவர்கள் இருவர் மேலும் இல்லை. முன்னால் நாலு குட்டிச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம் என்று ஆறு சக்கரத்தில் ஓடிய டைரெல் பி34 மேல்தான் இருந்தது. ஜப்பான் ரசிகர்களுக்காக அந்தக் காரில் ‘டைரெல்’ என்ற பெயரை ஜப்பானிய எழுத்தில், குழந்தைகள் முதலில் கற்கும் ஹிராகனாவில் எழுதியிருந்தார்கள். பேட்ரிக் டெபாயே அதை ஓட்டி இரண்டாவதாக வந்தார்.

அடுத்த வருடமே அந்தக் காரின் மாடலை, நிஜத்தில் 12-ல் ஒரு பங்கு என்ற பெரிய அளவில், தாமியா நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்தது.

அந்தத் தலைமுறையின் சராசரி ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இவர் தனி ஆள் இல்லை, ஒரு கூட்டத்தின் அடையாளம். 1967-ல் பிறந்தவர். புத்தாண்டுக்குப் பெரியவர்கள் உறையில் வைத்துக் கொடுக்கும் ‘ஒடோஷிடாமா’ பணத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை மாடல் கடைக்கு ஓடினார். மேல் தட்டில் இருந்த ஆறு சக்கரக் காரை அண்ணாந்து பார்த்தார். கையில் இருந்த காசுக்குக் கீழ்த் தட்டில் இருந்த கௌன்டாச்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைப் பிரித்தார். மாலைக்குள் கார் தயார். கண்ணாடியில் பசை ஈஷியிருந்தது. ஒரு சக்கரம் சுற்றவில்லை. உலகத்திலேயே அழகான கார் அதுதான்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் குண்டம் ரோபோ மாடலை 300 யென்னுக்கு இறக்கியது. கடையின் முன்தட்டைக் கார்களிடமிருந்து ரோபோக்கள் பிடுங்கிக்கொண்டன. உயர்நிலைப் பள்ளி நுழைவுத்தேர்வு வந்தது. 18 வயதில் லைசென்ஸ் வந்தது. நிஜக் கார் வந்தால் பொம்மை கார் போய்விடும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்கூட இதுதான் நடந்தது. வேலை, கல்யாணம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் டியூஷன். நாற்பது வருடம் ஓடிவிட்டது.

பெயரில் இருக்கும் குத்தல்

இப்படித் திரும்பி வருகிறவர்களுக்கு ஜப்பானில் ஒரு பெயர் உண்டு. ‘டெமோடோரி மாடலர்’. டெமோடோரி என்றால், கல்யாணம் முறிந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்ட பெண். நம் ஊரில் ‘வாழாவெட்டி’ என்று ஒரு காலத்தில் வாய் கூசாமல் சொன்னார்களே, கிட்டத்தட்ட அதே வாடை அடிக்கும் சொல். பெண்களைக் குத்துவதற்கென்றே இருந்த வார்த்தையை, நடுவயது ஆண்கள் சிரித்துக்கொண்டே தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொள்கிறார்கள். தான் ஒரு டெமோடோரி, இத்தனை வருடம் கழித்து வந்திருக்கிறேன், தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மாடலர்களுக்கு நடுவே பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். பெண்ணுக்கு அவமானமாக இருந்தது ஆணுக்குச் செல்லப்பெயர் ஆகிவிட்டது. அதுவும் ஒரு வசதிதான்!

என்ன காரணத்துக்காகத் திரும்புகிறார்கள்? பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ரயில் ஏறும் முன் பொழுது போகாமல் ஒரு கடைக்குள் நுழைந்திருப்பார்கள். பெட்டியின் மேல் இருந்த படம் பிடித்து நிறுத்தியிருக்கும். சிலருக்கு மருத்துவர் சிகரெட்டை நிறுத்தச் சொல்லி, கைக்கு வேலை தேவைப்பட்டிருக்கும். 2020-ல் கொரோனா எல்லோரையும் வீட்டுக்குள் பூட்டியபோது இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். இது ஜப்பானுக்கு மட்டுமான கதை இல்லை. பிரிட்டனில் ‘ஏர்ஃபிக்ஸ்’ மாடல்களைத் தயாரிக்கும் ஹார்ன்பி நிறுவனத்துக்கும் அந்த வருடம் விற்பனை கூடியது.

இன்னொரு காரணமும் உண்டு. அது கடைசியில்.

எதிரி நம்பர் ஒன்: வெள்ளெழுத்து

ஆர்வமாகப் பெட்டியை வாங்கி வந்துவிடுகிறார்கள். அன்று சில நூறு யென் விற்ற மாடல் இன்று மூவாயிரம், நாலாயிரம் யென். அது பரவாயில்லை, இப்போது சம்பளம் இருக்கிறது. மேல் தட்டில் இருப்பதையே வாங்கலாம். பிரச்னை, பெட்டியைத் திறந்த பிறகுதான்.

முதலில், விளக்கக் குறிப்பைப் படிக்க முடியவில்லை. எண்கள் எல்லாம் எறும்பாக ஊர்கின்றன. ஸ்பீடோமீட்டர் ஸ்டிக்கர் அரிசி மணியைவிடச் சிறியது. 2018-ல் ஜப்பான் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் சக்கைப்போடு போட்டது. ஹாலிவுட் வரை போன நடிகர் கென் வடனாபே, எழுத்தெல்லாம் இத்தனை பொடியாக இருந்தால் எப்படிப் படிப்பது என்று மேடையில் நின்று கோபப்படுவார். கண்ணாடி போல மாட்டிக்கொள்ளும் ‘ஹாஸுகி’ பூதக்கண்ணாடிக்கான விளம்பரம் அது. திரும்பி வந்த மாடலர்களின் மேஜையில், பசை பாட்டிலுக்கு அடுத்தபடியாக இருக்கும் பொருள் இப்படியொரு பூதக்கண்ணாடிதான்.

அடுத்தது, கை. ட்வீசரில் பிடித்த பக்கக் கண்ணாடி லேசான நடுக்கத்தில் ‘ட்டிங்’ என்று தெறித்துவிடும். எங்கே விழுந்தது என்று கடவுளுக்கே தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில், முட்டி வலியோடு, டார்ச்சை அடித்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் தவழ்வதைப் பார்க்கும் மனைவிக்கு என்ன தோன்றும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடலாம். பத்து வயதில் ஒரு துண்டு தொலைந்தால் அழுவதைத் தவிர வேறு வழி தெரியாது. இப்போது தெரிகிறது. தாமியாவின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுதினால், இருப்பில் இருக்கும்வரை அந்தப் பாகம் உள்ள சட்டத்தை மட்டும் தனியாக விலைக்கு அனுப்புகிறார்கள்.

கண்ணையும் கையையும்விடப் பெரிய எதிரி, அறிவுதான்!

பத்து வயதில் பசை என்றால் ட்யூபைப் பிதுக்க வேண்டும், அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது யூடியூப் இருக்கிறது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றும்போது, அச்சுத் துண்டுகள் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழும். அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் பெயின்ட்டுக்கு அடியில் காட்டிக்கொடுக்கும் என்று இப்போது தெரியும். 400-ம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 600, 1000, 1500, 2000 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும் என்று தெரியும். ஸ்பிரேயைத் தூரத்தில் பிடித்து அடித்தால் பெயின்ட் சொரசொரவென்று படியும். அதற்கு ‘யூசுத் தோல்’ என்று பெயர். யூசு என்பது ஜப்பானிய எலுமிச்சை வகை. நம் ஊர் பெயின்டர்கள் ஆரஞ்சுத் தோலைச் சொல்வதைப் போலத்தான். ஜூன் மாத மழைக்காலத்தில் அடித்தாலோ, காற்றின் ஈரம் பெயின்ட்டில் சிக்கி, பளபளக்க வேண்டிய சிவப்பு வெளுத்துப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு எப்படி ஒரே நாளில் கார் கட்டுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடியைத் தேய்ப்பதோடு போய்விடும். அடுத்த ஞாயிறு ப்ரைமர். அடுத்த ஞாயிறு மழை. நடுவில், நிஜக் காரின் இன்ஜினில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று படம் தேடிக்கொண்டே நள்ளிரவாகிவிடும். பெட்டியில் இருக்கும் சீட் பெல்ட் சரியில்லை என்று, தனியாக விற்கும் மெல்லிய உலோகத் தகட்டுப் பாகங்களை வரவழைப்பார்கள். அந்தத் தகட்டின் விலை, சமயங்களில் காரின் விலையை எட்டிப் பிடிக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கார் அப்படியே, பாதி உடம்போடு பெட்டிக்குள் திரும்பிப் போயிருக்கும்.

திரும்பி வருகிறவர்களில் பலர் இரண்டாவது முறையும் விட்டுப் போவது இந்த இடத்தில்தான். ஆர்வம் போய் அல்ல, பயத்தில். தொட்டால் கெட்டுவிடுமோ என்ற பயம்.

பழகிய கைகள் இவர்களுக்குச் சொல்வது ஒரே ஒரு வார்த்தை: ‘சுகுமி’. பெட்டியில் என்ன இருக்கிறதோ அதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், குறிப்பில் சொன்னபடி கட்டுவது. பெயின்ட்கூட வேண்டாம். முதல் கார் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பார்கள். கேட்பதற்குச் சுலபம். நாற்பது வருடம் அலுவலகத்தில் ‘தப்பே வரக் கூடாது’ என்று பழகிய மனிதருக்கு, கோடு தெரியும் ஒரு காரை மேஜையில் வைத்து ‘முடிந்தது’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று அலுவலகம் போய்வருகிறவர்களுக்குத் தெரியும்.

கார் அதே கார்தான்!

டோக்கியோவிலிருந்து தென்மேற்கே புல்லட் ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது ஷிஸுவோகா நகரம். ரயில் நிலையத்துக்கு வெளியே வந்தால் ஒரு தபால் பெட்டி. சட்டத்தில் தொங்கும் மாடல் பாகங்கள்போல, பிரித்துப் போட்ட நிலையில் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். கடிதம் போட்டால் போய்ச் சேரும்! அதேபோல் ஒரு டெலிபோன் பூத்தும் நகரில் உண்டு. ஜப்பானின் பிளாஸ்டிக் மாடல்களில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில்தான் தயாராகிறது. தாமியா, அவோஷிமா, ஃபுஜிமி, ஹாஸெகாவா, பண்டாயின் ரோபோ தொழிற்சாலை எல்லாம் இங்கேதான். பல நூறு வருடங்களுக்கு முன் செங்கென் ஆலயத் திருப்பணிக்கு வந்த தச்சர்களும் அரக்குப்பூச்சுக் கலைஞர்களும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் வழி வந்த மரவேலைதான் மர பொம்மையாகி, பிறகு பிளாஸ்டிக் ஆனது என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

தாமியாவே 1946-ல் மர அறுவைக் கம்பெனியாகத்தான் தொடங்கியது. 1951-ல் தீப்பிடித்துக் கிடங்கு சாம்பலானது. பிறகு மர மாடல்களுக்கு மாறினார்கள். ஜப்பானின் முதல் பிளாஸ்டிக் மாடலாக ‘நாட்டிலஸ்’ நீர்மூழ்கிக் கப்பலை மாருசான் நிறுவனம் 1958-ல் வெளியிட, மர மாடல்கள் விலைபோகாமல் கிடந்தன. தாமியாவும் 1960-ல் ‘யமாடோ’ போர்க்கப்பலை பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தது. அதே சமயத்தில் இன்னொரு கம்பெனி அதே கப்பலைக் குறைந்த விலைக்கு விற்க, பெருத்த நஷ்டம். கடையை மூடும் நிலையிலிருந்து காப்பாற்றியது, பிறகு வந்த ‘பேந்தர்’ டாங்கும், அந்தப் பெட்டியின் மேல் ஷிகெரு கொமாட்ஸுஸாகி வரைந்த ஓவியமும்தான்.

அந்தக் கம்பெனியை உலகப் பெயராக்கிய ஷுன்ஸாகு தாமியா பற்றி மாடலர்கள் அலுக்காமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1970-களில் போர்ஷே மாடல் செய்வதற்காக நிஜ போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கினார். ஓட்டுவதற்கு அல்ல. ஒரு ஸ்க்ரூ விடாமல் பிரித்துப் போட்டு அளவெடுப்பதற்கு! அளவெல்லாம் எடுத்து முடித்துவிட்டார்கள். திரும்ப மாட்டத்தான் தெரியவில்லை. கடைசியில் போர்ஷே மெக்கானிக்குகளை வரவழைத்துத்தான் காரைக் காராக்கினார்கள். 2025 ஜூலையில், 90 வயதில் அவர் காலமானபோது, உலகம் முழுக்க நரைத்த தலைகள் கலங்கியதற்குக் காரணம் இந்தப் பித்துதான்.

ஒரு மாடலில் பிளாஸ்டிக்குக்கு ஆகும் செலவு சொற்பம். காசை விழுங்குவது, அதை வார்க்கும் உலோக அச்சு. ஒருமுறை வெட்டிவிட்டால், எண்ணெய் போட்டுப் பராமரித்தால், அது பல பத்தாண்டுகளுக்கு உழைக்கும். அதனால்தான் பழைய மாடல்களை நிறுவனங்கள் அவ்வப்போது தூசி தட்டி மீண்டும் வெளியிடுகின்றன. ஆறு சக்கர டைரெல்லையும் தாமியா அப்படித் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்கிறவரின் கையில் இருப்பது பழைய காரைப் ‘போல’ ஒன்று அல்ல. பத்து வயதில் மேல் தட்டில் அண்ணாந்து பார்த்தாரே, அது வந்த அதே வார்ப்பிலிருந்து வந்தது.

பெட்டிக்குள் ஓடும் கடிகாரம்

ஆனால், அச்சுக்குத்தான் வயசாகாது. வார்த்து எடுத்ததற்கு ஆகும்.

திரும்பி வந்த மாடலர்களின் இன்னொரு குணம், கட்டுவதைவிட வேகமாக வாங்குவது. கட்டாமல் அடுக்கி வைக்கும் பெட்டிகளுக்கு ‘ட்ஸுமி-புரா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ‘அடுக்கிய பிளாஸ்டிக்’. சிறு வயதில் கிடைக்காததை எல்லாம் இப்போது வாங்குகிறார்கள். வருடத்துக்கு நாலு கார் முடிக்கிறவரின் அலமாரியில் நூற்றைம்பது பெட்டி இருந்தால், கணக்கு என்ன சொல்கிறது? எல்லாவற்றையும் முடிக்கத் தொண்ணூற்றைந்து வயதுக்கு மேல் ஆகும். அதுவரை கண் பார்வை தெரிய வேண்டும்.

பெட்டிகளும் சும்மா இருப்பதில்லை. நீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் பத்து, இருபது வருடத்தில் மஞ்சளடித்துவிடும். அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் வெளுக்க வைக்கும் வித்தையைப் பழைய ஆட்கள் சொல்லித் தருவார்கள். இன்னும் மோசம், டயர். அந்தக் காலத்து மாடல்களில் மிருதுவான வினைல் டயர்கள். பெட்டிக்குள் காரின் பாடியோடு உரசிக்கொண்டு கிடந்தால், டயரிலிருந்து கசியும் ரசாயனம் மெல்ல மெல்ல பாடியைத் தின்றுவிடும். முப்பது வருடம் பத்திரமாக வைத்திருந்த பெட்டியைத் திறந்தால், காரின் கூரையில் டயரின் அச்சு, சூடு போட்டதுபோல் பதிந்திருக்கும்.

வீட்டில் இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்? ஜப்பான் ஃப்ளாட்டுகள் சிறியவை. தின்னர் வாடை வந்தால் வீடு முழுக்க நிற்கும். சிகரெட் பிடிக்க பால்கனிக்கு விரட்டப்படும் கணவர்களை ‘மின்மினிக் கூட்டம்’ என்று அங்கே கேலி செய்வார்கள். இருட்டில் சிவப்பாக மினுக் மினுக்கென்று தெரிவதால். அந்த பால்கனியில் இப்போது சிலர் அட்டைப்பெட்டிக்குள் காரை வைத்து ஸ்பிரே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். சில மாடல் கடைகளில், மேஜையும் புகை இழுக்கும் ஃபேனும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. தெருமுனைக் கடைகள்தான் வரவரக் குறைந்துகொண்டே போகின்றன. கல்லாவில் இருந்தபடி ‘அந்தப் பசையை இப்படிப் போடாதே’ என்று அதட்டிய தாத்தாக்களும் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில், ஷிஸுவோகாவில் நடக்கும் ஹாபி ஷோவில் இவர்களை மொத்தமாகப் பார்க்கலாம். நிறுவனங்கள் புது மாடல்களைக் காட்டும் அரங்கைவிட, 1990-லிருந்து அதோடு சேர்ந்து நடக்கும் மாடலர் சங்கங்களின் கூட்டுக் கண்காட்சியில்தான் கூட்டம் முட்டும். நூற்றுக்கணக்கான சங்கங்கள், நீள நீள மேஜைகள், ஆயிரக்கணக்கான கார்கள், விமானங்கள், கப்பல்கள். பக்கத்தில் நின்று குனிந்து பார்க்கும் ஒவ்வொரு தலையிலும் பூதக்கண்ணாடி.

இந்தப் பெட்டிகளுக்கு இன்னொரு சந்தையும் இருக்கிறது. அதைப் பற்றி இவர்கள் அதிகம் பேசுவதில்லை. சாவதற்கு முன் தன் சாமான்களைத் தானே ஒழுங்குபடுத்தி வைப்பதை ஜப்பானில் ‘ஷூகாட்ஸு’ என்பார்கள். அந்த வேலைக்குப் பிளாஸ்டிக் மாடல்களை மொத்தமாக விலைக்கு எடுக்கும் கடைகள் இருக்கின்றன. இறந்தவரின் வீட்டுக்கே வந்து, அலமாரியைப் பார்த்து, விலை சொல்லி எடுத்துப்போவார்கள். பிரிக்காத பெட்டிக்கு நல்ல விலை. கட்டி முடித்த காருக்குப் பெரும்பாலும் விலை இல்லை.

வீட்டுக்காரர் மூன்று மாதம் தேய்த்துத் தேய்த்துக் கட்டிய காரைவிட, தொடாமலே வைத்திருந்த பெட்டிக்குத்தான் சந்தையில் மதிப்பு! அப்படியும் ஒருவர் இரவு பத்து மணிக்குப் பெட்டியைப் பிரிக்கிறார் என்றால், அவர் எதற்காகப் பிரிக்கிறார் என்று வீட்டில் இருப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து கேட்டால் நன்றாக இருக்கும்.

பரணில் ஒரு கௌன்டாச்

கடைசியில் சொல்வதாகச் சொன்ன காரணம் இதுதான். பெற்றோர் போன பிறகு, ஊரில் பூட்டிக் கிடக்கும் பிறந்த வீட்டைக் காலி செய்யப் பிள்ளைகள் போகிறார்கள். ஐம்பதுகளில் பலருக்கும் வந்து சேரும் வேலை. சுவர் அலமாரியின் மேல் தட்டில், அம்மா தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பள்ளிக்கூட பேட்ஜ், நாலைந்து ரப்பர் கார்கள், அவற்றோடு அந்த கௌன்டாச்.

ஒரு சக்கரம் இல்லை. கண்ணாடியில் பசை அப்படியே இருக்கிறது. பிரஷ்ஷால் அடித்த சிவப்பு பெயின்ட், திட்டுத் திட்டாக.

இதைச் சரிசெய்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வழி தெரியும். பெட்ரோல் டாங்கில் சேரும் தண்ணீரை நீக்குவதற்கென்று கார் சாமான் கடையில் ஒரு திரவம் விற்கிறது; விலை மலிவு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் செய்தது. அதில் ஓர் இரவு ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால், நாற்பது வருடத்துப் பெயின்ட் தோல் உரிவதுபோல் வந்துவிடும். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. அடியிலிருந்து, பெட்டியில் வந்த நாளில் இருந்த அதே வெள்ளை வெளிப்படும்.

நம் ஆள் அப்படித்தான் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்து, கழுவி, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார். பெயின்ட் முழுக்கப் போய்விட்டது. ஆனால், இடது கதவுக்குக் கீழே ஏதோ கோடுகள் இருக்கின்றன. பெயின்ட் மிச்சமில்லை. பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது.

பிளாஸ்டிக் மாடலுக்குப் போடும் பசை, நாம் காகிதத்துக்குப் போடும் பசை மாதிரி இல்லை. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். இரண்டு துண்டும் கரைந்து ஒன்றாகிக் காய்ந்துவிடும். கரைந்திருக்கும் நேரத்தில் எது பட்டாலும், அது பதிந்துவிடும். 1977-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுமை இல்லாத ஒரு பையன், பசை காயும் முன் காரை அழுத்திப் பிடித்திருக்கிறான். வளையம் வளையமாக, தெளிவாக, சின்னக் கட்டைவிரல் ரேகை.

400-ம் நம்பர் உப்புத்தாளில் இரண்டு நிமிடம் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாளை எடுத்துத் தண்ணீரில் நனைத்து வைத்திருக்கிறார். தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்க்கிறார். பொருந்தவில்லை, விரல் பெரியதாகிவிட்டது.

உள்ளே மனைவி சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்கிறது. உப்புத்தாள் மேஜையில் கிடந்து காய்கிறது.